மாதக் கணக்கில் அடங்காத செலவுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து மாதம் 52,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் புது நோட்டு வாங்கி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, கீரைக்கட்டு முதல் பேருந்துக் கட்டணம் வரை எழுதத் தொடங்குகிறேன். மூன்றாவது வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போகிறது. அதன்பிறகு நோட்டு பரணுக்குப் போய்விடுகிறது. சென்ற மாதம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி நாள்வரை எழுதினேன். செலவு 47,500 என்று வந்தது. அப்படியானால் மீதி 4,500 எங்கே என்று தேடினால் கையில் அது இல்லை. தவறு எங்கே? — வாசகி, ஈரோடு

பதில்: நோட்டில் நீங்கள் எழுதியவை சரியாகவே இருக்கலாம். எழுதப்படாத இரண்டு வரிகள்தான் குழப்பத்துக்குக் காரணம். கடைக்காரர் எவரும் முதல்நாள் கல்லா இருப்பை எழுதாமல் அன்றைய கணக்கைத் தொடங்குவதில்லை. இரவில் கல்லாவை எண்ணிப் பார்க்காமல் கணக்கை முடிப்பதுமில்லை. வீட்டுக் கணக்கில் மட்டும் நாம் தொடக்க இருப்பையும் முடிவு இருப்பையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ள செலவுகளை மட்டும் மாய்ந்து மாய்ந்து எழுதுகிறோம்.

உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில் இருக்கும் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். மாதத் தொடக்கத்தில் இருவரின் வங்கிக் கணக்குகளிலும் 6,200 ரூபாயும் வீட்டில் ரொக்கமாக 1,800 ரூபாயும் ஆக 8,000 இருந்திருக்கிறது. சம்பளம் 52,000 சேர, மொத்தம் 60,000. மாதக் கடைசியில் வங்கியில் 3,100, ரொக்கம் 900 ஆக 4,000 மிஞ்சியிருக்கிறது. எனவே அந்த மாதம் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போன தொகை 56,000. ஒரு கீரைக்கட்டைக்கூட எழுதாமலேயே இந்த எண் கிடைத்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். நோட்டில் இருப்பது 47,500. ஆகவே 8,500 ரூபாய் எழுதப்படாமல் போயிருக்கிறது. அதாவது, மீதியாக 4,500 வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்த அந்த மாதத்தில், வரவுக்கு மேல் 4,000 ரூபாய் செலவாகித் தொடக்க இருப்பையும் கரைத்திருக்கிறது.

அந்த 8,500 ரூபாயை ‘விடுபட்டது’ என்று ஒரு தனி வரியில் எழுதுங்கள். என் தாயாரின் நோட்டில் மாதந்தோறும் கடைசி வரியாக அந்தச் சொல் இருக்கும். அதைக் குற்றமாக அவர் நினைத்ததில்லை, அடுத்த மாதம் அது குறைகிறதா என்று மட்டும் பார்ப்பார். நீங்களும் முதல் மாதத்தில் இந்த வரி பெரிதாக இருக்கிறதே என்று மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் அது கைப்பேசியில் ஸ்கேன் செய்து கொடுத்த இருபதும் ஐம்பதும் நூறுமாகத்தான் இருக்கும். 2016-இல் யுபிஐ வருவதற்கு முன், பணப்பை இளைப்பதைக் கண்ணால் பார்த்தோம். இப்போது அது தெரிவதில்லை. வங்கிக் கணக்கின் விவரப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் யாருக்குக் கொடுத்தோம் என்ற பெயர்தான் இருக்கும், எதற்குக் கொடுத்தோம் என்பது இருக்காது. ஆகவே, பணம் அனுப்பும்போதே குறிப்பு எழுதுவதற்கு உள்ள இடத்தில் ‘காய்’, ‘மருந்து’, ‘டீ’ என்று ஒரு சொல் தட்டிவிடும் பழக்கம் மிகவும் உதவும்.

இன்னொன்று: தக்காளி எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு என்று பிரித்து எழுதுவதை நிறுத்திவிடுங்கள். வாடகை, மளிகை, காய்கறி-பால், பிள்ளைகள், போக்குவரத்து, மருத்துவம், கடன் தவணை, வெளியே சாப்பிட்டது என்று எட்டுத் தலைப்புகள் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை அரைமணி நேரம் இருவரும் உட்கார்ந்து வாரத்துக்கு ஒருமுறை எழுதினால், இரண்டு நாள் விட்டுப்போனதே என்று நோட்டைப் பரணில் போட வேண்டிய நிலை வராது.

கேள்வி: என் சம்பளம் 45,000. மாதாந்தரச் செலவுகளைக் கட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஜூன் மாதம் பள்ளிக்கட்டணம், அக்டோபரில் தீபாவளி, நடுவில் காப்பீட்டுத் தவணை என்று எதிர்பாராத செலவுகள் வந்து கடன் வாங்க வைக்கின்றன. மே மாத மின்கட்டணம் வேறு திடீரென்று எகிறிவிட்டது. — வாசகர், திருச்சி

பதில்: தீபாவளி எதிர்பாராமல் வந்த ஆண்டு எதுவும் எனக்கு நினைவில்லை. கேலிக்காகச் சொல்லவில்லை, வருமானம் மாதக் கணக்கில் வருவதால் செலவையும் மாதக் கணக்கிலேயே நினைக்கப் பழகிவிட்டோம், ஆனால் தமிழ்க் குடும்பத்தின் பெரிய செலவுகள் ஆண்டுக் கணக்கில் வருகின்றன. நீங்கள் அனுப்பிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளின் கட்டணம் 64,000, புத்தகமும் சீருடையும் 12,000, தீபாவளி 20,000, பொங்கல் 6,000, மருத்துவக் காப்பீடு 18,000, இருசக்கர வாகனத்தின் காப்பீடும் சர்வீஸும் 6,000, சொத்துவரி இரண்டு அரையாண்டுக்கும் 4,800, குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர 8,000, வீட்டுச் சாமான்கள் பழுதுபார்க்க 5,200. ஆகமொத்தம் 1,44,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12,000 ரூபாய்.

ஆகவே நீங்கள் மாதச் செலவுக்குத் திட்டமிட வேண்டிய தொகை 45,000 இல்லை, 33,000. சம்பளம் வந்த அன்றே 12,000 ரூபாயை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வேண்டாம், கைப்பேசிச் செயலியிலும் அதை இணைக்க வேண்டாம். இதைச் சேமிப்பு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது இன்னும் வந்து சேராத செலவு. சேமிப்பு என்பது மிச்சமுள்ள 33,000-க்குள்ளிருந்து எடுக்க வேண்டியது. அந்தத் தொகைக்குள் குடும்பம் நடத்த முடியாது என்று தோன்றினால், பட்டியலில் உள்ள எதைக் குறைப்பது என்ற பேச்சை ஜனவரியிலேயே வீட்டில் தொடங்கலாம். ஜூன் முதல் வாரத்தில் பள்ளி அலுவலக வாசலில் நின்றுகொண்டு அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது. சொத்துவரியை அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலுமே கட்டிவிட்டால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. பணம் தயாராக இருப்பவருக்குத்தான் அந்தச் சலுகை கிடைக்கும்.

மின்கட்டணம் எகிறியதற்கு வெயில் மட்டும் காரணமாக இருக்காது. தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு அதற்கடுத்த படியில் உள்ள விலையில் ஏறக்குறைய பாதிதான். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் பாதி விலைச் சலுகையும் போகிறது, மேலதிக யூனிட்டுகளுக்கு விலையும் கூடுகிறது. 490 யூனிட்டில் நின்ற வீட்டுக்கும் 510 யூனிட்டுக்குப் போன வீட்டுக்கும் 20 யூனிட்தான் வேறுபாடு. கட்டணத்திலோ அது 300 ரூபாய்க்கும் மேல் தெரியும். ஏசி ஓடும் வீடுகளில், கணக்கெடுத்த நாளிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரைப் பார்த்து எழுதிவைத்தால், இரண்டாவது மாதத்தில் சற்றுக் கையைச் சுருக்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

கேள்வி: மாதம் 5,000 ரூபாய் சீட்டுக் கட்டுகிறேன். அதைச் செலவில் எழுதுவதா, சேமிப்பில் எழுதுவதா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சீட்டை எடுக்கும்வரை சேமிப்பு, எடுத்த மறுமாதத்திலிருந்து கடன் தவணை. நடுவில் எடுத்தவர்கள் பலர், எடுத்த பணம் செலவாகிப்போன பின்னும், ‘மாதம் ஐயாயிரம் சேமிக்கிறேன்’ என்று எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏலத்தில் தள்ளு (சீட்டை எடுத்தவர் விட்டுக்கொடுத்த தொகையில் உங்கள் பங்கு) போக நீங்கள் உண்மையில் கட்டிய தொகையை எழுதுங்கள், 5,000 என்று முழுதாக எழுத வேண்டாம். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டுதானா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடத்துபவரின் கமிஷனுக்கு அந்தச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. முன்பு 5 விழுக்காடாக இருந்த அது 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7 விழுக்காடாயிற்று.

கேள்வி: எங்கள் மகளுக்குக் காதணி விழா நடத்தினோம். பந்தல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,10,000 செலவு; மொய் 3,40,000 வந்தது. மிச்சம் 1,30,000-க்கு வண்டி வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. — வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. நம் வீடுகளில் பால் கணக்கு தப்பலாம், மளிகைக் கணக்கு தப்பலாம், மொய் நோட்டு மட்டும் தப்பாது. ஊர், தந்தை பெயர், தொகை என்று முப்பது ஆண்டுக்கு முந்தைய நோட்டுகளைக்கூட இரும்புப் பெட்டியில் வைத்திருப்போம். அவ்வளவு பத்திரப்படுத்துவதன் பொருள், அதைக் கடன் பத்திரமாகத்தான் நாம் கருதுகிறோம் என்பது. ஆனால் விழா முடிந்த அன்றிரவு பணத்தை எண்ணும்போது மட்டும் அதை வருமானமாக எண்ணிவிடுகிறோம்.

உங்கள் பகுதிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில், திருமணங்கள் இல்லாத ஆடியில் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி, பலர் ஒரே பந்தலில் விருந்துச் செலவைப் பகிர்ந்துகொண்டு, வசூலாகும் தொகையைத் தொழிலுக்கும் கிணற்றுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் முதலாகப் போடுகிறார்கள். வட்டியில்லாமல் முதல் திரட்டும் ஏற்பாடாக அது நடப்பதற்குக் காரணம், வாங்கியவர் அனைவரும் அதைத் திருப்பித் தர வேண்டிய பணமாகவே கணக்கு வைத்திருப்பதுதான்.

இன்றே இரண்டு நோட்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது வந்த மொய் நோட்டு ஒன்று, இதுவரை நீங்கள் பிறர் வீட்டு விசேஷங்களில் செய்ததை எழுதிவைத்தது மற்றொன்று. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நாம் முன்பு செய்தது எவ்வளவு, இப்போது வந்தது எவ்வளவு என்று எழுதுங்கள். 3,40,000-இல் நீங்கள் முன்பு செய்து திரும்பி வந்தது 1,50,000 என்று வைத்துக்கொண்டால், அந்தப் பகுதி உங்கள் பழைய சேமிப்பு. எஞ்சிய 1,90,000 புதுக் கடன். அதற்கு வட்டி இல்லை என்று சொன்னாலும், 500 வாங்கியவர் 500-ஆகத் திருப்பித் தருவது உங்கள் ஊரில் மரியாதையாகாது. கொஞ்சமாவது கூட்டித்தான் செய்ய வேண்டும். ஆகவே கையில் இருக்கும் 1,30,000 ரூபாய்க்கு எதிராக 1,90,000-க்கும் மேல் தர வேண்டியிருக்கிறது. விழாவில் மிச்சமானது என்று எதுவும் இல்லை, 60,000 குறைகிறது என்பதே உண்மை நிலை.

வண்டி வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அதை ஓட்டி வருமானம் வருமென்றால் வாங்கலாம். வருமானம் தராத வண்டியென்றால், யார் வீட்டில் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கல்யாணமோ காதுகுத்தோ வரும் என்று பட்டியல் போட்டு, அதற்கு வேண்டியதை முதலில் வைப்பில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் மூன்று நான்கு பத்திரிகைகள் ஒன்றாக வந்து விழும்போது நகையை அடகுவைத்து மொய் எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் வாங்கிய மொய்யைச் சம்பாத்தியமாக நினைத்தவர்கள்தாம் அவர்களில் பலர்.

கேள்வி: கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி. குறைந்தபட்சத் தொகை 3,000 என்று வருவதைத் தவறாமல் கட்டிவருகிறேன். பாக்கி குறையவே இல்லையே? — வாசகர், சென்னை

பதில்: நீங்கள் அனுப்பிய விவரத்தில் மாத வட்டி 3.5 விழுக்காடு என்றிருக்கிறது. 60,000-க்கு அது 2,100 ரூபாய். அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 378 ரூபாய். நீங்கள் கட்டும் 3,000-இல் 2,478 இவற்றுக்கே போய்விட, அசலில் கழிவது 522 ரூபாய்தான். போதாக்குறைக்கு, பாக்கியை முழுவதும் தீர்க்கும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாத நாள்கள் என்ற சலுகை கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நூற்றுக்கு மூன்றரை வட்டி என்று தெருவில் ஒருவர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். அட்டையில் அச்சடித்து வந்ததால் அது உறைக்கவில்லை. வீட்டில் நகை இருந்து, மனைவியும் ஒப்புக்கொண்டால், வங்கியில் நகைக்கடன் வாங்கி இதை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 42 விழுக்காடாகிவிட்ட இந்த வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட வங்கி நகைக்கடனுக்கு இராது. அதன்பின் அட்டையை வைத்திருப்பதாக இருந்தால், அதில் வாங்கிய பொருளை வாங்கிய தேதியிலேயே செலவில் எழுதி, அந்தத் தொகையை அன்றே ஒதுக்கிவையுங்கள். பில் வந்த தேதியில் எழுதுவோம் என்று விட்டதால்தான் இந்த 60,000 உருவாயிற்று.

கேள்வி: கணக்கெழுத நோட்டு நல்லதா, கைப்பேசிச் செயலி நல்லதா? — வாசகி, திருநெல்வேலி

பதில்: வீட்டில் இருவரும் பார்க்கக்கூடியது எதுவோ அது. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் செயலியாக இருந்தால், உங்கள் வங்கிச் செய்திகள் அனைத்தும் அதற்குத் தெரியும் என்பதை யோசித்துவிட்டு அனுமதி கொடுங்கள். எனக்கு நோட்டுதான் பிடிக்கும். அதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

கேள்வி: என் கணவர் தினமும் இரவு கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். பத்து ரூபாய்க்குப் பூ வாங்கியதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. மகளிர் உரிமைத்தொகையாக வரும் 1,000 ரூபாயையும் வரவில் எழுதச் சொல்கிறார். — வாசகி, மதுரை

பதில்: ஒருவர் எழுதி மற்றவர் திருத்துவது பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும். அவர் குடிக்கும் டீயும் வண்டிக்குப் போடும் பெட்ரோலும் அதே நோட்டில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. இல்லையென்றால், நாளை முதல் இருவரும் எழுதுவது என்று ஆக்குங்கள். அடுத்ததாக, இருவருக்கும் சமமான ஒரு சிறு தொகையை, 1,000 என்றோ 1,500 என்றோ, ‘கைச்செலவு’ என ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அதற்குள் பூவா, வெற்றிலையா, தோழிக்கு வாங்கிய வளையலா என்று எவரும் எவரையும் கேட்கக் கூடாது. நான் பார்த்தவரை, இந்த ஒரு வரி இருக்கும் வீடுகளில் கணக்கு நோட்டு நீடிக்கிறது.

உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவியின் பெயரில், அவரது வங்கிக் கணக்குக்கே வருகிறது. குடும்பத்தின் மொத்த வரவைப் பார்க்கும்போது அதை எழுதுவதில் தவறில்லை. எழுதியதாலேயே அதைச் செலவிடும் உரிமை கைமாறிவிடாது. மறைத்து வைப்பதைக்காட்டிலும், ‘இது என் பெயரில் சேர்வது’ என்று எழுதிச் சேர்ப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. நம் பாட்டிமார்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்த சிறுவாட்டுப் பணம் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியது உண்மைதான். ஆனால் 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் சேர்த்ததைக் கணவரிடமோ மகனிடமோ கொடுத்து மாற்றித்தரச் சொல்ல வேண்டிய நிலைக்கு எத்தனை பெண்கள் ஆளானார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள அஞ்சலகக் கணக்கோ வங்கி வைப்போ அந்தச் சங்கடத்தைத் தராது.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைதோறும் கூலி, ஆர்டர் இருக்கும் வாரம் 5,000 வரும், இல்லாத வாரம் 3,000தான். மாத பட்ஜெட் எல்லாம் எங்களுக்குப் பொருந்துமா? — வாசகர், திருப்பூர்

பதில்: பொருந்தாது, நீங்கள் வாரக் கணக்கே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வாரத்தின் 3,000-ஐயே உங்கள் கூலியாகக் கருதி, வாடகை 6,000 என்றால் வாரத்துக்கு 1,500 முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சம் 1,500-க்குள் மளிகையையும் காய்கறியையும் பேருந்தையும் அடக்கப் பாருங்கள். மனைவிக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை, நியாயவிலைக் கடை அரிசிக்கு விலையில்லை என்பவற்றையும் சேர்த்துக்கொண்டால் அது நடக்கக்கூடியதே. 3,000-க்கு மேல் வரும் தொகை, வரும் வாரத்திலேயே தனியாகப் போக வேண்டும். கூலியே இல்லாத வாரத்துக்கு அதுதான் கைகொடுக்கும்.

மாதச் சம்பளக்காரருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு. ஆண்டுக்கு 52 சனிக்கிழமைகள். மாதத்துக்கு நான்கு என்று கணக்கிட்டால் 48தான். ஆண்டில் நான்கு மாதங்களிலாவது ஐந்தாவது சனிக்கிழமை ஒன்று வரும். அந்த மாதத்து வாடகையை முதல் நான்கு வாரங்களே கட்டிவிட்டிருக்கும் என்பதால், ஐந்தாவது வாரக் கூலியில் வாடகைக்கு எடுத்துவைக்க வேண்டியதில்லை. நாட்காட்டியில் அந்த நாள்களை இப்போதே வட்டமிட்டு வையுங்கள். அந்த வாரங்களில் வாடகைக்குப் போயிருக்க வேண்டிய 1,500 ரூபாயையும் தீபாவளி போனஸில் ஒரு பகுதியையும் ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கென்றே வைத்துவிடலாம்.